மின்சார காருக்கு மாறலாமா? கடலூருக்கு ஒரு கணக்கு, புதுச்சேரிக்கு ஒரு கணக்கு

மின்சார கார் வாங்கலாமா, சி.என்.ஜி. எனும் இயற்கை எரிவாயு கார் போதுமா, இருக்கிற பெட்ரோல் காரையே இன்னும் சில ஆண்டு ஓட்டலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்: மின்சார கார் ஓட கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஷோரூமில் சொல்லப்படும் எண் அது. பொய்யில்லை, ஆனால் முடிவெடுக்க அது போதாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போட்ட கணக்கை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவரவும் முடியாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை வேறு, மின் கட்டணம் வேறு, சாலை வரி வேறு. உங்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எந்த மாடல் வாங்குகிறீர்கள் என்பதைவிடக் கணக்கை அதிகம் மாற்றும்.

## எதை வைத்து அளப்பது

என் பார்வையில் ஐந்து கேள்விகள், இந்த வரிசையிலேயே.

முதலாவது, இரவில் கார் எங்கே நிற்கிறது? உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுக்கக்கூடிய இடமா, தெருவா? இரண்டாவது, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? மூன்றாவது, கையிலிருந்து போகும் மொத்தப் பணம் எவ்வளவு? விலை, வரி, கடன் வட்டி, காப்பீடு எல்லாம் இதில் சேரும். நான்காவது, வெளியூர்ப் பயணம் எத்தனை முறை, எவ்வளவு தூரம்? ஐந்தாவது, மழையும் உப்புக் காற்றும். கடற்கரை ஊர்களில் இதைக் கடைசியில் வைத்தாலும் விட்டுவிட முடியாது.

முதல் கேள்விக்கு "தெரு" என்பது பதிலானால், மற்ற நான்கையும் பார்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

## ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது

சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர், சி.என்.ஜி.க்கு கிலோவுக்கு 22, மின்சார காருக்கு சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன். பெட்ரோல் கடலூரில் 102 ரூபாய், புதுச்சேரியில் 96 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாயை ஒட்டி என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலை. நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

| எப்படி ஓட்டுகிறோம் | கடலூர் | புதுச்சேரி |
|---|---|---|
| பெட்ரோல் | ரூ.6.80 | ரூ.6.40 |
| சி.என்.ஜி. | ரூ.4.10 | ரூ.4.10 |
| மின்சாரம், வீட்டில் சார்ஜ் | ரூ.1.30 | ரூ.1.10 |
| மின்சாரம், பொது விரைவு சார்ஜர் | ரூ.3 முதல் 4 வரை | ரூ.3 முதல் 4 வரை |
| மின்சாரம், பேட்டரி வாடகைத் திட்டம் | ரூ.4.80 | ரூ.4.60 |

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். பொது விரைவு சார்ஜரில் யூனிட் 18 ரூபாய் முதல் 25 ரூபாய் வரை போகிறது. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாமல் பொது சார்ஜரையே நம்பினால், சி.என்.ஜி. காரைவிடச் சில்லறைதான் மிச்சம். அதற்காக வாரத்துக்கு இருமுறை சார்ஜரடியில் காத்துக்கிடக்க வேண்டும்.

பேட்டரி வாடகை இன்னும் ஏமாற்றும். காரின் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குவது இந்தத் திட்டம். 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் என்ற மின்சார கார் அறிமுகமானபோது சொன்ன வாடகை கிலோமீட்டருக்கு ரூ.3.50. அதோடு மின்சாரச் செலவையும் கூட்டினால் சி.என்.ஜி.யைத் தாண்டிவிடுகிறது. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கிலோமீட்டருக்கு வாடகை கட்டியே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கும். கையில் முன்பணம் குறைவு, ஓட்டம் மிக அதிகம் என்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

## மின்சார கார்

மின் கட்டணப் படிகள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். கார் குடிக்கும் மின்சாரம் உங்கள் வீட்டுப் பயன்பாட்டின் தலையில் போய் உட்காருகிறது. ஆகவே "யூனிட் சராசரி ஐந்து ரூபாய்" என்று காருக்குக் கணக்குப் போடக்கூடாது.

2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி ஒரு கடலூர் வீட்டைப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் போக ஏறத்தாழ 1,200 ரூபாய் பில் வரும். அந்த வீட்டுக்காரர் நாள்தோறும் புதுச்சேரிக்குப் போய்வருகிறார். மாதம் 1,250 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்குக் காருக்கு 360 யூனிட். மொத்தம் 760. 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியிலிருந்த மலிவு விலை போய், 101 முதல் 400 வரை யூனிட் ரூ.4.80 ஆகிறது. 500க்கு மேல் ரூ.8.55, 600க்கு மேல் ரூ.9.65. பில் 4,500 ரூபாயை எட்டும். அதாவது காருக்கு மட்டும் 3,300 ரூபாய், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல். மே, ஜூன் மாதங்களில் ஏ.சி. ஓடி வீடே 700 யூனிட்டைத் தொட்டிருந்தால், கார் 800க்கு மேலுள்ள ரூ.10.70 படியில் ஏறிவிடும்.

பில்லைப் பார்த்தால் பதறத்தான் செய்யும். ஆனால் அதே 2,500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் போட்டால் 17,000 ரூபாய் ஆகியிருக்கும்.

புதுச்சேரியில் மாதாமாதம் கணக்கெடுப்பு. மேல்படியிலும் யூனிட் ஏழெட்டு ரூபாய்க்குள் முடிகிறது. மின்சாரம் மலிவு, ஆனால் பெட்ரோலும் மலிவு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், மின்சார காருக்கு மாறினால் கிலோமீட்டருக்கு மிச்சமாவது கடலூரில் ஐந்தரை ரூபாய், புதுச்சேரியில் ஐந்தே கால் ரூபாய் சொச்சம். ஓட்டும் செலவில் எல்லை பெரிய வித்தியாசம் செய்வதில்லை. வித்தியாசம் வாங்கும் நாளில்தான் இருக்கிறது.

வாங்கும் விலை. மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன்பு செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம். இதனால் இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி மீண்டும் விரிந்துவிட்டது. பழைய கட்டுரைகளில் உள்ள "மூன்று ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்" கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்றைய விலையில் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 7 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு 91,000 ரூபாய் வரியாகவே போகிறது. மின்சார காருக்கு இந்த வரியில் விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பெட்ரோல் காருக்கே வரி குறைவு என்பதால் அங்கே இந்த லாபம் பெரிதாகக் கிடைக்காது.

இரண்டு கார்களுக்கும் ஷோரூம் விலையில் 3 லட்சம் வித்தியாசம் என்று வைத்தால், வரி விலக்கு போக, சார்ஜர் செலவு சேர, கடலூர்க்காரருக்குக் கூடுதல் சுமை 2.3 லட்சம் அளவில் நிற்கும். மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு 82,000 ரூபாய் மிச்சம். மூன்று ஆண்டுக்குள் ஈடாகிவிடும். புதுச்சேரிக்காரருக்கு ஒரு ஆண்டு கூடுதலாகப் பிடிக்கும்.

மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் நிலை வேறு. ஆண்டுக்கு 26,000 ரூபாய்தான் மிச்சம். அந்தக் கூடுதல் 2.3 லட்சத்தைக் கடனாக வாங்கியிருந்தால் முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 20,000 ரூபாய். பணத்தை மட்டும் பார்த்தால் இவர் மாறத் தேவையில்லை.

புதுச்சேரிப் பதிவெண் வாங்கிக் கடலூரில் ஓட்டலாமே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சொல்: வேறு மாநிலத்தில் பதிந்த வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மின் வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்று இன்னமும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அது. புதிதாக வாங்குகிறவருக்கு இல்லை.

வயரிங். யாரும் கேட்காத செலவு இதுதான். காரோடு வரும் சாதாரண சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் இரவு முழுக்க, எட்டு பத்து மணி நேரம், வாட்டர் ஹீட்டர் நிற்காமல் ஓடுவது போன்ற பளு. மஞ்சக்குப்பத்திலும் முத்தியால்பேட்டையிலும் உள்ள பழைய வீடுகளில் மெயின் போர்டு வாசல் திண்ணைப் பக்கம் இருக்கும். கார் நிற்கும் இடம் இன்னொரு மூலை. மிக்சிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்ட மெல்லிய வயரிலேயே ஒரு பிளக்கை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. சார்ஜ் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் தொட்டுப்பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, பித்தளைக் காலைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பதோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். மெயினிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகியவை கட்டாயம். கடலோர மணல் நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமானால் அனுமதித்த மின்பளுவைக் கூட்ட வேண்டும். ஒருமுனை இணைப்பு உள்ள வீடுகள் மும்முனைக்கு மாற வேண்டிவரலாம். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை. சாதாரண சார்ஜரே இரவில் அதைவிட இரண்டு மடங்கு ஏற்றிவிடும்.

வெளியூர். 24, 25 யூனிட் பேட்டரி உள்ள சிறிய கார் நெடுஞ்சாலையில் 180 கிலோமீட்டர் போனால் நல்லது. சிதம்பரம், நெய்வேலி, விழுப்புரம் போய்வரக் கவலை இல்லை. கடலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நடுவில் ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். திண்டிவனம் வழியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சார்ஜர்கள் இருக்கின்றன. 40 நிமிடம் டிபனுக்கும் காபிக்கும் சரியாகப் போகும். ஆனால் தொடர் விடுமுறை நாளில் சென்னையே புதுச்சேரிக்குத் திரண்டு வரும்போது அந்த 40 நிமிடம், முன்னால் இரண்டு கார் நின்றால் இரண்டு மணி நேரமாகும். மாதம் மூன்று நான்கு முறை சென்னைக்குப் போகிறவர் 40 யூனிட்டுக்குக் குறைவான பேட்டரியை யோசிக்கவே வேண்டாம்.

மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியே கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. மின்சார கார்களின் பேட்டரிக்கு ஐ.பி.67 தரம் என்று சொல்வார்கள்: ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். தேங்கிய தண்ணீரில் இரவெல்லாம் நிற்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. பெட்ரோல் கார் மூழ்கினாலும் நஷ்டம்தான்; ஆனால் பேட்டரி போனால் காரின் விலையில் பெரும் பங்கு போயிற்று. ஆகவே காப்பீட்டில் பேட்டரி பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் மின்சார காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு என்றாலும், காரின் விலை அதிகம் என்பதால் மொத்த பிரீமியம் பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகவே வரும்.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் காரை முழுக்க சார்ஜ் செய்து மேட்டில் நிறுத்துவது பழக்கமாக வேண்டும். வீட்டில் ஒரே வண்டிதான், வயதானவர்களும் இருக்கிறார்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தயங்குவேன்.

## சி.என்.ஜி. கார்

பெட்ரோல் காரைவிட ஒரு லட்சத்துக்குள் கூடுதல் விலை. ஓட்டும் செலவு நாற்பது சதவீதம் குறைவு. சார்ஜர், வயரிங், மின்பளு என்ற எதுவும் இல்லை. தெருவில் கார் நிறுத்துகிறவருக்கு, அதாவது புதுச்சேரியில் மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் குடியிருப்பவருக்கு, இன்றைய நிலையில் இதுவே நல்ல வழி. எரிவாயு தீர்ந்தாலும் பெட்ரோலில் ஓடும் என்பதால் வெளியூர்ப் பயம் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள்: டிக்கியில் பாதியாவது சிலிண்டருக்குப் போய்விடும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். எரிவாயு நிரப்பும் நிலையங்கள் குறைவு, ஆட்டோக்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அழுத்தம் குறைந்த நேரத்தில் சிலிண்டர் நிரம்பாது. உப்புக் காற்றில் சிலிண்டரைத் தாங்கும் பட்டைகளும் போல்ட்டுகளும் துருப்பிடிக்கும் என்பதால், சர்வீஸின்போது அவற்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

## புதிய பெட்ரோல் கார், ஹைபிரிட்

வரி குறைந்த பிறகு சிறிய பெட்ரோல் கார் மீண்டும் நியாயமான தேர்வாகியிருக்கிறது. மாதம் 500 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டி, ஆண்டுக்கு நான்கைந்து முறை குலதெய்வம் கோயில், திருப்பதி, பெங்களூர் என்று நீண்ட தூரம் போகிற குடும்பத்துக்கு இதுவே பொருத்தம். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்கள் மைலேஜில் அருமை. ஆனால் நான்கு மீட்டரைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி., அதோடு தமிழ்நாட்டில் 18 சதவீத ஆயுள் வரி. மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் வெளியூர் ஓடுகிறவர்கள் மட்டும் பார்க்கலாம்.

## பழைய கார் இருக்கட்டும், மின் ஸ்கூட்டர் வாங்கலாம்

யாரும் கேட்காத இந்த வழியைத்தான் நான் பலருக்கும் சொல்கிறேன். உங்கள் பெட்ரோல் காருக்கு வயது ஏழு எட்டு. இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஓட்டத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில் நிலையம். அந்த ஓட்டத்தை ஒரு மின் ஸ்கூட்டருக்கு மாற்றினால், காருக்குப் போடும் பெட்ரோல் பாதிக்கு மேல் குறையும். செலவு ஒன்றேகால் லட்சம். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்கூட ஆகாது. வீட்டுக்குள்ளேயே சார்ஜ் ஏற்றலாம். பழைய காருக்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் சற்றுக் குறையும், ரப்பர் குழாய்களைச் சர்வீஸில் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மூன்று ஆண்டில் மின்சார கார்களின் பேட்டரியும் பயன்படுத்திய கார்ச் சந்தையும் இன்னும் தெளிவாகிவிடும். அப்போது முடிவெடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

## யாருக்கு எது

சொந்த வீடு, உள்ளே கார் நிறுத்த இடம், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வீட்டில் இன்னொரு வண்டி. இந்த நான்கும் இருந்தால் மின்சார கார், தயங்காமல். கடலூர் – புதுச்சேரி நாள்தோறும் போய்வருகிறவர், நெய்வேலிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போகும் ஆசிரியர் எல்லோரும் இதில் அடக்கம். மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட இடமிருந்தால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மேல்படி மின் கட்டணத்திலிருந்து இறங்க அது நல்ல வழி.

மேலே சொன்ன நான்கில் முதல் இரண்டு இல்லாமல் ஓட்டம் மட்டும் அதிகம் என்றால் சி.என்.ஜி. ஓட்டமும் குறைவு, கார் பழையது, ஆனால் ஆரோக்கியமானது என்றால் ஸ்கூட்டர்.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே தன் வண்டிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. இருந்தாலும் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் மாடி மீட்டரிலிருந்து தரைத்தள பார்க்கிங்குக்கு வயர் இறக்குவதற்குச் சங்கத்தின் ஒப்புதலும் பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணமும் வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். முதலில் சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அடுத்து எலக்ட்ரீஷியனை அழைத்து வயர் போகும் வழியை அளந்து செலவு கேளுங்கள், அதன் பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.